பால்துளி வடிவத்தில் பேரண்டம்: கிராஃப் தாளில் வரைந்து பார்ப்போம்

[காட்சி: தோட்டத்து வீட்டு வாசல். மேசைமேல் கிராஃப் தாள், பென்சில், அடிக்கோல்.]

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து வாசலில் உட்கார்ந்து இதைப் பதிவு செய்கிறேன். லோரி சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், செம்பனைக் குலை ஏற்றிப் போகிற நேரம்.

அக்கா மகன் நான்காம் படிவம் படிக்கிறான். தூரத்து விண்மீன் மண்டலங்களிலிருந்து நம்மை வந்தடையும் ஒளியின் பாதையை வளைந்த கோடாக வரையப் போகிறேன், தாள் அவன் உபயம். கேள்வியும் அவனுடையதுதான்: "ஒளி நேராத்தானே மாமா போகும், நீங்க ஏன் வளைச்சு வரையிறீங்க?"

நேராக வரைவதற்கும் வழி உண்டு. 1908-இல் கணித அறிஞர் மின்கோவ்ஸ்கி காட்டிய முறை அது. நேரம் மேல்நோக்கி, தூரம் பக்கவாட்டில். ஓர் ஆண்டுக்கு ஓர் ஒளியாண்டு (ஒளி ஓர் ஆண்டில் போகும் தூரம்) என்று அளவு வைத்தால் ஒளியின் கோடு 45 பாகையில் சாயும். ஆனால் அது விரியாத விண்வெளிக்கு. வெளி விரிகிறது என்று 1927-இல் வானியலாளர் லெமேத்ர் எழுதினார், 1929-இல் இன்னொரு வானியலாளர் ஹப்பிளின் அளவீடுகள் அதற்கு வலு சேர்த்தன. அப்புறம் அந்த நேர்க்கோடு போதாது.

சரி, வரைவோம்.

[காட்சி: தாளின் நடுவில் செங்குத்துக் கோடு.]

1 செ.மீ. என்பது மேல்நோக்கி 100 கோடி ஆண்டு, பக்கவாட்டில் 100 கோடி ஒளியாண்டு. நடுக்கோடு நாம். கீழே பேரண்டம் தொடங்கிய பெருவெடிப்பு, அங்கிருந்து 13.8 செ.மீ. உயரத்தில் இன்று. இன்றைக்கு நம் கண்ணை எட்டுகிற ஒளி முன்பு எங்கெங்கே இருந்தது என்று புள்ளி வைப்போம். எண்கள் எல்லாம் ஏறத்தாழத்தான்.

8.6 செ.மீ. உயரத்தில், நடுக்கோட்டிலிருந்து 4.2 செ.மீ. தள்ளி. 5.9 உயரத்தில் 5.5. நாலு உயரத்தில் 5.8. இனிமேல் கவனியுங்கள்: 2.1 உயரத்தில் 5.3. குறைகிறது! அடியில் கோடு நடுவுக்கே வந்து சேர்ந்துவிடும். இடப்பக்கமும் இதேபோல.

[காட்சி: புள்ளிகள் இணைகின்றன. பக்கத்தில் பால்மரம் (ரப்பர் மரம்), பால் பிடிக்கும் மங்குக்கு மேலே தகர நுனியில் ஒரு துளி.]

மேலே கூர்மை, கீழே உருண்டை. வீட்டுக்குப் பின்னால் இன்னும் நாலு பால்மரம் மிச்சமிருக்கிறது. காலையில் வெட்டிய மரத்தில் துளி விழப்போகும் நேரத்தில் பாருங்கள், அச்சு அசல் இதே உருவம்.

ஏன் இப்படி? பழைய மோட்டார் டியூபை நீளமாக வெட்டி, ஒரு முனையை ஆணியில் மாட்டினேன். ஆணிதான் நாம். தூரத்தில் ஓர் எறும்பு ஆணியை நோக்கி நடக்கிறது. மறுமுனையைப் பையன் இழுக்கிறான். எறும்பின் நடை மாறவில்லை, திசையும் மாறவில்லை, ஆனாலும் ஆணியை விட்டுத் தள்ளிப் போகிறது! காலுக்கு அடியில் ரப்பர் நீளுகிற வேகம் அதன் நடையை மிஞ்சிவிட்டது. பிறகு இழுப்பு மெல்லத் தளர்கிறது. ஒரு கணம் எறும்பு நின்ற இடத்திலேயே நிற்பதுபோலத் தெரிகிறது, அப்புறம் நெருங்குகிறது. (முதல் எறும்பு பையன் கை மேல் ஏறிவிட்டது. இது மூன்றாவது.)

துளியின் மிக அகன்ற இடம் அந்த ஒரு கணம்தான். அதற்குக் கீழே இருக்கும் ஒளியெல்லாம், நம்மை நோக்கிப் புறப்பட்டும் முதலில் விலகிப் போனது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரே பருமனுள்ள விண்மீன் மண்டலங்களில், அகன்ற இடத்தில் இருப்பதுதான் வானத்தில் மிகச் சிறியதாகத் தெரியும். அதைவிடப் பழையது பெரிதாகத் தெரியும், ஒளி கிளம்பியபோது அது நமக்குக் கிட்டத்தில் இருந்ததால்.

இப்போது 5.9 உயரத்துப் புள்ளிக்குத் திரும்புவோம். அங்கிருந்து நமக்கு ஒளி அனுப்பிய ஒரு மண்டலம், ஒளி கிளம்பியபோது 550 கோடி ஒளியாண்டில் இருந்தது. ஒளி 790 கோடி ஆண்டு பயணம் செய்தது. அதற்குள் மண்டலம் 1,100 கோடி ஒளியாண்டுக்குப் போய்விட்டது. எது சரியான தூரம் என்று கேட்டால் மூன்றும் சரிதான். எதைச் சொல்கிறோம் என்று சொல்லாமல் விடுவதுதான் தப்பு. செய்திகளில் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

[காட்சி: இரண்டாம் தாள். செங்குத்தான இணைகோடுகள்.]

வேறு மாதிரியும் வரையலாம். தோட்டத்தில் மரங்களுக்கு நிரை இருப்பதுபோல, ஒவ்வொரு மண்டலத்துக்கும் மாறாத நிரை எண் கொடுத்துவிடுங்கள். வெளி விரிந்தாலும் எண் மாறாது, அவற்றின் கோடுகள் நேராக நிற்கும். வெளி எத்தனை மடங்கு சுருங்கியிருந்ததோ அத்தனை மடங்கு அந்தக் காலத்து நேர அச்சையும் நீட்டினால், துளி மறுபடி 45 பாகைக் கூம்பாகிவிடும். கணக்குப் போட இது வசதி. எனக்கென்னவோ துளிதான் பிடித்திருக்கிறது.

கடைசியாகத் துளியின் அடி. 1964-இல் பென்சியாஸ், வில்சன் என்ற இரு வானியலாளர்கள் பிடித்த, வானம் முழுவதிலிருந்தும் வரும் பின்னணிக் கதிர்வீச்சு, பெருவெடிப்புக்கு 3,80,000 ஆண்டு கழித்துக் கிளம்பிய ஒளி. கிளம்பிய இடம் அப்போது நம்மிடமிருந்து சுமார் 4.2 கோடி ஒளியாண்டு. நம் தாளில் அரை மில்லிமீட்டர்கூட இல்லை, பென்சில் கோட்டுக்குள்ளேயே மறைந்துவிடும். அதே இடம் இன்று எங்கே? பையன் அடிக்கோலை வைத்து அளந்தான். தாள் முடிந்து, மேசையில் வெகுதூரம் தள்ளி, 45 செ.மீ. தாண்டி ஒரு சாக்கட்டிப் புள்ளி வைத்தான்.