மோசடியை எழுதுங்கள், அந்தரங்கத்தை விடுங்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். மோசடிச் சந்தேகத்துக்கு ஆளானவரின் சொந்த வாழ்க்கையைப் பத்திரிகை அம்பலப்படுத்தலாமா? கூடாது என்கிறது எங்கள் அணி.

"பொய் சொல்லிப் பணம் வாங்கியவருக்கு அந்தரங்கம் ஒரு கேடா?" என்று எதிரணித் தலைவர் கேட்டார். கைதட்டலும் வாங்கினார். நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஒரு பெண்மணி புதுவிதமான கோல்ஃப் மட்டையை உருவாக்கி விற்றார். அமெரிக்காவின் புகழ்பெற்ற எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த இயற்பியலாளர், ரகசிய ராணுவத் திட்டங்களில் வேலை பார்த்தவர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். ஈ.எஸ்.பி.என். என்ற விளையாட்டுச் செய்தி நிறுவனத்தின் கிராண்ட்லேண்ட் இணைய இதழுக்காக ஒரு நிருபர் விசாரித்தார். "மட்டையின் அறிவியலைப் பற்றி எழுதுங்கள், என்னைப் பற்றி வேண்டாம்" என்பது அந்தப் பெண்மணியின் நிபந்தனை. ஆனால் படிப்பு பொய், வேலையும் பொய் என்று தெரியவந்தது. அதைத் தோண்டியது சரியான வேலை. வாங்குகிறவரும் முதல் போட்டவரும் ஏமாறுகிற இடம் அதுதானே!

அப்புறம் அவர் ஒரு திருநங்கை என்பதும் நிருபருக்குத் தெரிந்தது. முதல் போட்ட ஒருவரிடம் அதையும் சொல்லிவிட்டார். 2013 அக்டோபரில் அந்தப் பெண்மணி தற்கொலை செய்துகொண்டார். 2014 ஜனவரியில் கட்டுரை வந்தது. அவருடைய பாலினம்தான் அதில் பெரிய திருப்பம்.

அந்த மரணத்துக்கு நிருபரே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஒரு மனிதரின் சாவுக்கு ஒற்றைக் காரணம் சொல்ல எனக்கு உரிமை கிடையாது.

"பழைய பெயரைத் தேடாமல் பட்டம் பொய் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று எதிரணியில் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தேடட்டும், தெரிந்துகொள்ளட்டும். ஆனால் நிருபருக்குத் தெரிந்ததெல்லாம் செய்தி ஆகிவிடுமா? 'எந்தப் பெயரிலும் அவருக்கு இந்தப் பட்டம் இல்லை' என்று ஒரு வரி போதும். மோசடி முழுசாக வெளியே வந்துவிடும். பட்டம் பொய் என்றால் மட்டை வாங்கியவருக்கு நஷ்டம். அவர் திருநங்கை என்பதால் யாருக்கு என்ன நஷ்டம்? இரண்டையும் ஒரே கட்டுரையில் அடுத்தடுத்து வைத்தால், பட்டத்தைப் போலவே அவர் பெண் என்பதும் ஒரு ஏமாற்று என்றுதான் படிக்கிறவர் மனதில் பதியும். எனக்கு நெஞ்சு கொதிப்பது இங்கேதான்.

கட்டுரை வந்த சில நாட்களில் கிராண்ட்லேண்ட் இதழின் ஆசிரியர் பில் சிம்மன்ஸ் மன்னிப்புக் கேட்டு எழுதினார். வெளியாகும் முன் 13 முதல் 15 பேர் அதைப் படித்தார்களாம். திருநங்கையர் வாழ்க்கை தெரிந்த ஒருவரிடமும் காட்டவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். அதே நிறுவனத்தில் பேஸ்பால் பற்றி எழுதிவந்த கிறிஸ்டினா கார்ல் ஒரு திருநங்கை. அவரிடம் கேட்டிருக்கலாம். கட்டுரையின் தவறுகளை அவர் விளக்கி எழுதியது, எல்லாம் முடிந்த பிறகு.

நடுவர் அவர்களே, தீர்ப்புக்கு முன் ஒன்றை யோசியுங்கள். முதல் போட்டவரிடம் "அவருடைய பட்டம் பொய்" என்று மட்டும் சொல்லிவிட்டு அந்த நிருபர் எழுந்து வந்திருந்தால், அந்த மனிதருக்குத் தெரிய வேண்டியதில் எது குறைந்திருக்கும்?