வடக்கு எது என்று தெரியாமல் 40 நிமிடம்

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் இருந்து மறுபடியும் நான்தான். பின்னால் ஏதோ முனகுகிறதே என்று பயப்படாதீர்கள், அது இன்வெர்ட்டர். அதற்கும் இன்றைய கதைக்கும் சம்பந்தம் இருக்கிறது, வருகிறேன்.

போன மாதம் இதே நாற்காலியில் உட்கார்ந்து, இனிப் பேய் விளையாட்டுகளைத் தொடவே மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். நினைவிருக்கிறது. யாரும் எடுத்துக்காட்ட வேண்டாம். தள்ளுபடி போட்டுவிட்டார்கள், நான் என்ன செய்வேன்? விளையாட்டின் பெயர் கோலாட். 2015இல் வந்தது, போலந்துக்காரர்கள் செய்தது. இத்தனை வருடம் என் பட்டியலில் தூங்கிக் கிடந்தது. இப்போது நான் கொடுத்த விலைக்கு எங்கள் தெருமுனைக் கடையில் ஒரு கால் பன்னிகூடக் கிடைக்காது. பீன்ஸ் பன்னியைச் சொல்கிறேன், புரட்டாசி அல்லவா. ஆட்டுக்கறி பன்னியின் பேரைச் சொன்னாலே ஆயா முறைக்கிறார்.

இந்தியாவில் இருந்து பார்க்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் திடுக்கிடுகிறீர்கள். பன்னி என்றால் பன்றி இல்லை, ஐயா. ரொட்டியைக் குடைந்து அதற்குள் குழம்பை ஊற்றித் தருவது, டர்பனின் சொந்தச் சாப்பாடு. கால் என்றால் ரொட்டியில் கால் பங்கு. போதுமா? இந்த விளக்கத்தை ஏழாவது தடவையாகச் சொல்கிறேன்.

விளையாட்டுக்கு வருகிறேன். 1959 பிப்ரவரியில் ரஷ்யாவின் யூரல் மலையில் ஒன்பது பேர் இறந்துபோனார்கள். மலையேற்றக்காரர்கள், பெரும்பாலும் இளைஞர்கள், தலைவர் பெயர் இகோர் தியாத்லோவ். கூடாரத்தை உள்ளே இருந்தே கத்தியால் கிழித்துக்கொண்டு, காலணிகூடச் சரியாகப் போடாமல், உறைபனியில் இறங்கி ஓடியிருக்கிறார்கள். ஆறு பேர் குளிரில் விறைத்துச் செத்தார்கள். மூன்று பேருக்கு உடம்பில் பயங்கரமான அடி. ஏன் ஓடினார்கள் என்பதற்கு அறுபது வருடமாக ஆளுக்கொரு கதை. 2021இல் சுவிட்சர்லாந்தில் வேலை செய்யும் இரண்டு ஆராய்ச்சியாளர்கள், கூடாரம் போடச் சரிவை வெட்டியதும், காற்று கொண்டுவந்து குவித்த பனியும் சேர்ந்து சில மணி நேரம் கழித்து ஒரு பனிப்பாளத்தைச் சரித்திருக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். எனக்கு அது போதும். என் தங்கைக்குப் போதவில்லை, அவளுக்குப் பறக்கும் தட்டு வேண்டும்.

ஒன்றை விட்டுவிட்டேன். கிளம்பியவர்கள் ஒன்பது பேர் இல்லை, பத்துப் பேர். ஒருவர் உடம்பு முடியாமல் பாதி வழியில் திரும்பிவிட்டார். அவர் மட்டும் 2013 வரை உயிரோடு இருந்தார். விளையாடும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதரின் ஞாபகம்தான்.

இந்த விளையாட்டில் நாம் அதே மலைக்குத் தனியாகப் போகிறோம். துப்பாக்கி இல்லை, கத்தி இல்லை. கையில் ஒரு விளக்கு, ஒரு திசைகாட்டி, ஒரு வரைபடம். சண்டையும் கிடையாது. நடக்கலாம், ஓடலாம், கொஞ்ச தூரம் ஓடினால் மூச்சு வாங்கும். விளையாடியவர்கள் திட்டுகிற திட்டைப் படித்தேன். பாதிப் பேருக்கு ஒரே குறை: வரைபடத்தில் நான் எங்கே நிற்கிறேன் என்று புள்ளி வைத்துக் காட்டவில்லை. வழி தெரியவில்லை, சுற்றிச் சுற்றி ஒரே மரத்தடிக்கு வருகிறேன், இதெல்லாம் ஒரு விளையாட்டா என்று கொதிக்கிறார்கள்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. அந்தப் புள்ளியை வைத்துவிட்டால் இதில் மிச்சம் என்ன இருக்கிறது? பனியில் ஒரு நடை. பயமே புள்ளி இல்லாததில்தான் இருக்கிறது. வரைபட ஓரத்தில் போக வேண்டிய இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் இருக்கின்றன. வழியில் சில பாறைகளில் அந்த இடத்தின் எண்களை எழுதியிருக்கிறார்கள். பாறையைக் கண்டுபிடி, எண்ணைப் படி, வரைபடத்தில் விரலை வை, பிறகு நட. நான் உண்மையாகவே கணினித் திரையில் விரலை வைத்தேன். கறை இன்னும் இருக்கிறது.

சரி, என் அசிங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சித்தப்பாவோடு படகில் மீன்பிடிக்கப் போன வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். கருவியில் அட்சரேகை எண் பார்ப்பது எப்படி என்று அவர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். நிலநடுக்கோட்டில் இருந்து தள்ளிப் போகப் போக ஏறும் எண் அது. டர்பன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 30 பாகைக்குக் கொஞ்சம் குறைவு. கரையோரமாகத் தெற்கே போகப் போக எண் ஏறும், ஸ்காட்பர்க் தாண்டும்போது 30ஐக் கடந்திருக்கும். எண் ஏறினால் தெற்கு. இது என் ரத்தத்தில் ஊறிவிட்டது. மலையில் நான் தேடிய இடத்தின் எண், நின்ற இடத்தை விடப் பெரியது. ஆகவே திசைகாட்டியைப் பார்த்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தெற்கே நடந்தேன்.

யூரல் மலை எங்கே இருக்கிறது? பூமியின் வட பாதியில். அங்கே எண் ஏறினால் வடக்கு!

40 நிமிடம். ஒரு பள்ளத்தில் விழுந்து செத்தேன், மறுபடி எழுந்து இன்னும் உற்சாகமாகத் தெற்கே போனேன். பாறைகளில் எண் குறைந்துகொண்டே வருகிறது, நானோ விளையாட்டில்தான் கோளாறு என்று முடிவு கட்டிவிட்டேன். குறைகூறி நாலு வரி எழுதவும் ஆரம்பித்துவிட்டேன். சித்தப்பாவுக்குப் போன் செய்து கேட்டபோது அவர் சிரித்த சிரிப்பில் எதிர்முனையில் சித்தியும் சிரிக்கத் தொடங்கினார். எழுதிய நாலு வரியையும் அழித்துவிட்டேன்.

அதன் பிறகு வடக்கே திரும்பி, இரண்டு பாறைகளுக்கு நடுவே நுழைந்து, முதல் இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்தேன் பாருங்கள், நாற்காலியில் இருந்து எழுந்து நின்றுவிட்டேன். பரீட்சை முடிவு வந்தபோதுகூட நான் எழுந்து நின்றதில்லை.

இனி உண்மையான குறை. நினைத்த இடத்தில் சேமிக்க முடியாது. முகாமை அடைந்தால் சேமிக்கும், பனியில் கிடக்கும் காகிதத்தை எடுத்தால் சேமிக்கும். நடுவில் செத்தால் அந்த நடை முழுவதும் போச்சு. கண்டுபிடித்த முகாம்களுக்கு இடையே தாவிப் போகலாம் என்பது மட்டும் ஆறுதல். இங்கேதான் இன்வெர்ட்டர் வருகிறது. லோட் ஷெடிங், அதாவது முறைவைத்து மின்சாரத்தை நிறுத்தும் காலம் முடிந்தது என்று நம்பி, போன வருடம் அதை அத்தை வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்தோம். செவ்வாய்க்கிழமை எங்கள் தெருவில் மட்டும் கேபிள் பழுது. அடுத்த காகிதம் கண்ணுக்குத் தெரிகிறது, பத்து அடி இருக்கும், திரை அணைந்துவிட்டது. நிஜ இருட்டு. ஆயா கற்பூரத் தட்டோடு அறைக்குள் வந்தார். இந்த விளையாட்டில் எனக்கு வாய்விட்டு அலறல் வந்தது அந்த ஒரு நேரம்தான்.

மறுநாள் அத்தை வீட்டுக்குப் போய் இன்வெர்ட்டரைத் திரும்ப வாங்கிவந்தேன். அத்தை முகம் சரியில்லை.

பணத்தைத் திரும்பக் கேள் என்றாள் தங்கை. நான் விளையாட்டு வாங்கும் இணையக் கடை ஸ்டீம். அதில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால்தான் பணம் திரும்பும். நான் தெற்கே நடந்த 40 நிமிடமும் சேர்ந்து அந்தக் கெடு எப்போதோ தீர்ந்துவிட்டது. தவிர, நான் எதற்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்?

எனக்குப் பிடிக்கவே பிடிக்காதது அந்த ஆரஞ்சு உருவம். திடீரென்று ஒளிர்ந்துகொண்டு வரும், தொட்டால் சாவு. தொலைந்துபோகும் பயத்தை இவ்வளவு நன்றாகச் செய்துவிட்டு, அதன் மேல் இதை எதற்குக் கொண்டுவந்து ஒட்டினார்கள்? பாயசத்தில் ஊறுகாய். கதையும் அப்படித்தான். கதை சொல்வது ஆங்கில நடிகர் ஷான் பீன், அந்தக் குரலுக்கு ஒரு கும்பிடு. ஆனால் அவர் சொல்வது பாதி எனக்கு விளங்கவில்லை, காகிதங்களைப் படித்தால் இன்னும் குழப்பம். குரலை எல்லோரும் புகழ்கிறார்கள், முடிவை எல்லோரும் திட்டுகிறார்கள். இரண்டிலும் நான் ஊரோடு சேர்ந்துகொள்கிறேன்.

லாரி ஓட்டுகிற மாமா ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார். 2024 செப்டம்பரில் வான் ரீனன் கணவாயில் பனி கொட்டி என்3 நெடுஞ்சாலை அடைபட்டதே, அன்று இரவு முழுவதும் வண்டியில் மாட்டிக்கொண்டவர் அவர். என் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். காற்றுச் சத்தம் சரியாக இருக்கிறது என்றார். பிறகு, "தம்பி, கால் தடத்தைத் திரும்பிப் பார்" என்றார். அன்று சிறுநீர் கழிக்க இறங்கிப் பத்து எட்டு வைத்தாராம். திரும்பினால் லாரியின் விளக்கே தெரியவில்லை, தன் தடத்தில் கால் வைத்து வைத்துத்தான் வண்டிக்குத் திரும்பினாராம். இதுவரை இதை அவர் எங்களில் யாருக்கும் சொன்னதில்லை. ஆயா அடுப்பில் இருந்து திரும்பி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இன்னும் இரண்டு இடங்கள் பாக்கி. இன்று இரவு முடிக்கப் பார்க்கிறேன். அத்தை போன் செய்துகொண்டே இருக்கிறார், இன்வெர்ட்டருக்காகத்தான் இருக்கும், நான் எடுக்கவில்லை.