பருப்பில்லாத சாம்பார்

(சத்துவாச்சாரியில் பெற்றோர் சிலர் கூட்டிய மாலைக் கூட்டத்தில் பேசியது. பேசியபடியே எழுதியிருக்கிறேன். நடுவில் கரண்ட் போய் கால் மணி நேரம் விசிறிக்கொண்டிருந்ததை மட்டும் விட்டுவிட்டேன்.)

அம்மாமார்களுக்கும் ஐயாமார்களுக்கும் வணக்கம்.

நம் வேலூரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் ஒரு கேலி சொல்வார்கள். ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில் என்று நீட்டிக்கொண்டே போவார்கள். அதில் கடைசியை நம் ஆட்களே மாற்றிவிட்டார்கள். 1981-ல் இதே சத்துவாச்சாரியில் இருந்த ஜலகண்டேஸ்வரரைக் கொண்டுபோய்க் கோட்டைக்குள் வைத்தார்கள். அதனால் பட்டியலில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. அந்த இடத்துக்கு நான் ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறேன்: பருப்பு இல்லாத சாம்பார். பள்ளிக்கூட கேண்டீனில் கிடைக்கும். விலை 55 ரூபாய்.

நான் படித்தவன் இல்லை. காட்பாடி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 22 வருடம் மெஸ் நடத்தியவன். மெஸ்காரனுக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு. ஒரு நாள் சாம்பார் தண்ணியாகிவிட்டால் அன்றைக்கு யாரும் சண்டை போட மாட்டார்கள். பேசாமல் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் போவார்கள். மறுநாள் அடுத்த மெஸ்ஸில் உட்கார்ந்திருப்பார்கள். நாம் கல்லாவிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். என் அண்டாவில் பருப்பு விழுந்தது என்னுடைய நல்ல குணத்தால்தான் என்று சொல்லிக்கொள்ள ஆசை. உண்மையில் அந்தப் பயத்தால்தான் விழுந்தது.

பள்ளிக்கூட கேண்டீனுக்கு அந்தப் பயம் கிடையாது. பன்னிரண்டே முக்காலுக்கு மணி அடிக்கும், கேட் பூட்டியிருக்கும், பிள்ளைக்கு அடுத்த மெஸ் என்று ஒன்று இல்லை. நான் இன்றைக்குப் பேச வந்தது முழுக்க இதைப் பற்றித்தான். பத்து ரூபாய் கூட வைத்தான், குறைத்து வைத்தான் என்பதெல்லாம் அப்புறம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் பேரன் ஏழாம் வகுப்பு. மகள் ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறாள், காலை ஆறரைக்கே வேன் ஏறிவிடுவாள். அதனால் மத்தியானச் சாப்பாடு பள்ளிக்கூட கேண்டீனில்தான். கையில் காசு கொடுக்க முடியாது, ஒரு கார்டு. குறைந்தது ஆயிரம் ரூபாய் போட வேண்டும். கார்டுக்கே தனியாக நூறு ரூபாய். வருடக் கடைசியில் மிச்சப் பணம் என்ன ஆயிற்று என்று கேட்டால், அடுத்த வருடத்தில் சேரும் என்பார்கள். அடுத்த வருடம் புது கார்டு.

பையன் நாலரைக்கு வீட்டுக்கு வந்ததும் பையை எறிந்துவிட்டு நேராக அடுப்படிக்குப் போவான். பழைய சோறு, காலை இட்லி, எது இருந்தாலும் சரி. ஒரு நாள் கேட்டேன்.

“இன்னாடா, மத்தியானம் சாப்பிடலையா?”

“சாப்ட்டேன் தாத்தா.”

“இன்னா சாப்ட்ட?”

“சாம்பார் சாதம்.”

“எவ்ளோ இருந்துச்சி?”

கையைக் குவித்துக் காட்டினான். அவன் கையை, என் கையை இல்லை.

காசை வேறு எதிலாவது விடுகிறானோ என்று எனக்குச் சந்தேகம். பொய் சொல்ல மாட்டேன், பையனைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். மறுநாள் ஒரு டப்பாவைத் திறக்காமல் அப்படியே வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னேன். அன்றைக்கு அவனுக்கு நானே சோறு கட்டிக் கொடுத்தேன். டப்பா வந்தது. மெஸ்ஸில் மசாலா நிறுக்க வைத்திருந்த சின்ன எலக்ட்ரானிக் தராசு இன்னும் வீட்டில் இருக்கிறது. அதில் வைத்தேன். டப்பா எடை போக 195 கிராம்.

திறந்து தட்டில் கொட்டினேன். முருங்கைக்காய் ஒரு துண்டு, முற்றிப்போனது. கேரட் மூன்று சில்லு. கத்தரிக்காய்த் தோல் ஒன்று, உள்ளே காய் இல்லை. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய மாவட்டம் இது. அணைக்கட்டு என்கிற ஊர்ப் பக்கம் விளைவது. குழம்பில் போட்டால் வெண்ணெய் மாதிரி கரையும். அந்த ஊர்ப் பிள்ளைக்குத் தோல்.

அப்புறம் தொழில்காரன் புத்தி. ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் சாதத்தைப் போட்டு வெந்நீர் விட்டுக் கரைத்தேன். பருப்பு போட்ட சாம்பார் சாதத்தைக் கரைத்தால் தண்ணீர் மஞ்சளாகக் குழம்பி, அடியில் பருப்பு மசியலாகத் தங்கும், விரலில் தொட்டால் வழுவழு என்று இருக்கும். இதில் அடியில் தங்கியது மாவு. வாசனை பிடித்தால் கடலை மாவு. புளித்தண்ணீர், மஞ்சள்தூள், சாம்பார் பொடி, கெட்டிக்குக் கடலை மாவு. இந்த வித்தை எனக்குத் தெரியாதது இல்லை. மெஸ்ஸில் கடைசிப் பந்திக்குச் சாம்பார் போதாமல் போனபோது நானும் ஓரிரு முறை செய்திருக்கிறேன். ஆனால் அண்டா முழுக்கவே அதுதான் என்று நான் எங்கும் பார்த்ததில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். காசு கொடுக்காமல் சாப்பிடும் பிள்ளைக்கு இந்த நாட்டில் அளவு எழுதி வைத்திருக்கிறார்கள். 1956-ல் காமராசர் தொடங்கி, 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்த சாப்பாட்டைத்தான் சொல்கிறேன். பள்ளி மதிய உணவுக்கு ஒன்றிய அரசு வைத்திருக்கும் விதிப்படி, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 150 கிராம் தானியம், 30 கிராம் பருப்பு, 75 கிராம் காய். 700 கலோரி, 20 கிராம் புரதம் வர வேண்டும். இதெல்லாம் சமைப்பதற்கு முந்தைய எடை. நம் தமிழ்நாட்டில் கூடவே முட்டை. அங்கே குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் குறைந்தால் ‘குறைந்தது’ என்று சொல்ல ஓர் அளவு இருக்கிறது.

அந்த 150 கிராம் அரிசி வெந்தால் 400 கிராமுக்கு மேல் சோறாகும். என் தராசில் நின்றது சாம்பார், காய் எல்லாம் சேர்த்து 195. அதில் அரிசி 60 கிராம்கூட இருக்காது. இலவசச் சாப்பாட்டுக்கு அளவு இருக்கிறது, 55 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு அளவு இல்லை. (முன் வரிசையில் ஓர் அம்மா ‘ஆமா’ என்கிறார்கள். நீங்களும் நிறுத்துப் பார்த்தீர்களா அம்மா?)

கேண்டீன்காரரைப் போய்ப் பார்த்தேன். சண்டை போடத்தான் போனேன். அவர் என்னை உட்காரவைத்து டீ கொடுத்தார், டீ நன்றாகவே இருந்தது. நானும் மெஸ்காரன் என்று சொன்னதும் மனுஷன் இளகிவிட்டார். “இன்னாண்ணா பண்றது, நீங்களே கணக்குப் போடுங்க” என்று நோட்டை எடுத்து வைத்தார்.

போட்டேன். அரிசி நாலு ரூபாய்க்குள். காய், புளி, எண்ணெய், மசாலா எல்லாம் சேர்த்து ஆறு. கேஸ், டப்பா, ஸ்பூன் ஐந்து. ஆள் கூலி ஆறு. ஒரு டப்பாவுக்கு 21 ரூபாய் ஆகிறது. அப்புறம்தான் அந்தப் பக்கத்தைத் திருப்பினார். பள்ளிக்கூடத்துக்கு வாடகை மாதம் ஒரு லட்சம். மே மாதமும் சேர்த்து, பன்னிரண்டு மாதமும். பள்ளி நடப்பதோ வருடத்தில் 200 நாள் சொச்சம். ஆக, ஒரு நாளைக்கு ஆறாயிரம் ரூபாய் வாடகை. விற்பது 300 டப்பா. டப்பாவுக்கு 20 ரூபாய். பப்ஸ், ஜூஸ் விற்பதில் கொஞ்சத்தை ஏற்றினால் அது சற்றுக் குறையும், அவ்வளவுதான்.

சோற்றுக்கு 21 ரூபாய், சுவருக்கு 20 ரூபாய். மிச்சம் 14. அதில் மீந்துபோகிற டப்பா, ஆசிரியர்களுக்கு இலவச டீ, அட்வான்சுக்கு வாங்கிய கடனுக்கு வட்டி. கேண்டீனை யாருக்குக் கொடுப்பது என்பதையும் அதிக வாடகை கேட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். யார் நன்றாகச் சமைக்கிறார் என்று ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஏலத்தில் ஏறிய ரூபாய் எங்கிருந்து வரும்? அரிசியைக் குறைத்தால் கண்ணுக்குத் தெரியும். பருப்பைக் குறைத்தால் தெரியாது. முதலில் போவது பருப்புதான்.

அவர் செய்தது சரி என்று சொல்ல வரவில்லை. பத்து ரூபாய் பிஸ்கட்டைப் பன்னிரண்டுக்கு விற்பதற்கு வாடகையைக் காரணம் காட்ட முடியாது. பாக்கெட்டில் அச்சடித்த விலைக்கு மேல் விற்றால் 2009-ம் வருடத்து எடையளவுச் சட்டப்படி குற்றம், வளாகத்துக்கு உள்ளே என்றாலும் குற்றம்தான். அவரிடமே சொன்னேன். சிரித்தார்.

பள்ளி அலுவலகத்துக்கும் போனேன். அங்கே மரியாதையாகத்தான் பேசினார்கள். “நாங்கள் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை சார், வீட்டிலிருந்து கொண்டுவரலாமே” என்றார்கள். கொண்டுவரலாம்தான். ஆனால் வேலூர் வெயிலில், ஆறரைக்குக் கட்டிய சாம்பார் சாதம் பன்னிரண்டே முக்காலுக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல மெஸ்காரன் தேவையில்லை. தாய் வேலைக்குப் போகிறாள், வேறு வழியில்லை என்று தெரிந்துதானே சுவருக்கு லட்ச ரூபாய் வைக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பலர் கேட்டீர்கள். 2010-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கல்வி பண்டமல்ல, மாணவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று சொல்லியிருக்கிறது. பள்ளிக்கூடங்கள் அதைப் பிடித்துக்கொள்ளும். சாம்பார் சாதம் கல்வியா என்று வக்கீல் வைத்துத்தான் கேட்க வேண்டும். (சிரிக்காதீர்கள், கேட்கத்தான் போகிறோம்.) ஆனால் காசு வாங்கிக்கொண்டு சோறு விற்கும் காண்ட்ராக்டர் தனி ஆள். 2019-ம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், விற்ற பொருளுக்கு பில் தராததே முறையற்ற வணிகம். நம் பிள்ளைகளின் கார்டை உரசினால் ‘டிங்’ என்று சத்தம் வருகிறது, பில் வருவதில்லை. பில் இல்லாவிட்டால் நாளைக்கு நாம் எதைக் காட்டுவோம்? அதனால் முதலில் பில்லைக் கேளுங்கள். 2022 ஜனவரி முதல் அந்த பில்லில் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணும் இருக்க வேண்டும். சுவரிலும் அந்த எண் மாட்டியிருக்க வேண்டும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணமே இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். அவ்வளவு தூரம் போகுமுன் 1915-க்கு ஒரு போன் போட்டுப் பார்க்கலாம், அது தேசிய நுகர்வோர் உதவி எண்.

இன்னொன்று. 2020-ல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிப்படி, கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி கேண்டீனில் விற்கக் கூடாது, கேட்டிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது. நான் போன அன்று அங்கே கூட்டம் நின்றது பப்ஸுக்கும் கலர் தண்ணீருக்கும்தான். சோறு வயிற்றுக்குப் போதாத பிள்ளை வேறு எங்கே போவான்? டப்பா சின்னதாக இருப்பதிலும் ஒரு வியாபாரம் இருக்கிறது, பாருங்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுத்த மனுவில் பெரிதாக எதுவும் இல்லை. கேண்டீன் வாடகையை நிறுத்துங்கள், கரண்ட் பில் மட்டும் வாங்குங்கள். அந்த 20 ரூபாயில் பத்தைப் பருப்பிலும் காயிலும் போட்டு, பத்தை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். கிராம் கணக்கைப் பலகையில் எழுதி வையுங்கள். வாரம் ஒரு நாள் பெற்றோரில் இரண்டு பேர் முன்கூட்டிச் சொல்லாமல் வந்து, வரிசையில் நின்று, காசு கொடுத்து வாங்கிச் சாப்பிடுவார்கள். நான்தான் எழுதினேன், 41 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். சிலர் பயந்துகொண்டு போடவில்லை, பிள்ளைக்கு மார்க் குறையுமோ என்று. அதுவும் நியாயமான பயம்தான், நான் வற்புறுத்தவில்லை. பதில் இன்னும் வரவில்லை. ஆனால் போன வாரம் பேரன் வந்து, “தாத்தா, சாம்பார் சாதத்துல இன்னைக்கு ரெண்டு கேரட்டு எக்ஸ்ட்ரா” என்றான்.

மனு மேஜையில் இருக்கிறது, பேனாவும் பக்கத்தில் இருக்கிறது. தராசையும் கொண்டுவந்திருக்கிறேன். வீட்டுக்கு எடுத்துப்போய் ஒரு டப்பாவை நிறுத்துப் பார்க்கிறேன் என்பவர்கள் பெயர் எழுதிவிட்டு வாங்கிக்கொள்ளலாம், ஆளுக்கு இரண்டு நாள். பேட்டரி தீர்ந்துபோயிருக்கிறது, அதை மட்டும் முதலில் வாங்கிப்போகிறவர் போட்டுக்கொள்ளுங்கள்.