22 நிமிடம் என்ற புளுகு

வணக்கம் மக்களே. இந்த ஸ்கிரீனைக் கொஞ்சம் பாருங்கள், கிட்டத்தில் காட்டுகிறேன். ஊர்களுக்கு இடையிலான தூரத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் ஒரு இணையதளத்தில் இரண்டு நகரங்களின் பெயரைப் போட்டேன். தூரம் 300 கி.மீ., விமானத்தில் 22 நிமிடம் என்கிறது. இப்படி ஒரு கணக்கை நம்பித்தான் போன வருடம் ஒரு நேர்காணலுக்குக் காலையில் கிளம்பினேன். நான் போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

இந்த 22 எங்கிருந்து வந்தது? பெரிய ரகசியம் ஒன்றுமில்லை, 300ஐ 800ஆல் வகுத்திருக்கிறார்கள். ஏதோ விமானம் நம் மொட்டை மாடியிலிருந்தே மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் பாய்வது மாதிரி! முதலில் அது ஓடுபாதை வரை ஊர்ந்து போக வேண்டும், முன்னால் நிற்கும் விமானங்களுக்குப் பின்னால் காத்திருக்க வேண்டும். ஏறிய பிறகும், 10,000 அடிக்குக் கீழே 250 நாட் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று பல நாடுகளில் விதி இருக்கிறது. அது மணிக்குச் சுமார் 460 கி.மீ. தான். 300 கி.மீ. தூரத்தில் ஏறி முடித்த கையோடு இறங்க வேண்டியதுதான். அதனால்தான் டிக்கெட்டில் ஒரு மணி நேரம் என்று போடுகிறார்கள். அதுவும் இந்த கேட்டை விட்டு நகர்ந்து அந்த கேட்டில் போய் நிற்கும் வரைக்கும்தான்.

மீதியை நாம் கூட்டிக்கொள்ள வேண்டும். வீட்டிலிருந்து விமான நிலையம் ஒரு மணி நேரம், உள்ளே ஒன்றரை மணி, பறப்பது ஒரு மணி, பெட்டிக்காக அரை மணி, அங்கிருந்து ஊருக்குள் முக்கால் மணி. மொத்தம் நாலே முக்கால். சாலையில் அதே இரண்டு ஊருக்கும் 375 கி.மீ. என்று வையுங்கள், சாலை வளைந்துதானே போகும். சராசரி 70இல் போனால் ஐந்து மணி இருபது நிமிடம். மிச்சம் வெறும் 35 நிமிடம்! நடுவில் இரண்டு தடவை வண்டியை நிறுத்தினால் கொஞ்சம் கூடும், சரி. இந்தத் தூரத்துக்கு நான் காரில்தான் போவேன். 600 கி.மீ. என்றால் யோசிக்காமல் விமானம்.

ஆறு குறுக்கே வந்தால் கணக்கே வேறு. கின்ஷாசாவும் பிராசவில்லும் இரண்டு நாடுகளின் தலைநகரங்கள். காங்கோ ஆற்றின் இந்தக் கரையில் நின்றால் அந்தக் கரைக் கட்டடங்கள் தெரியும். ஆனால் நடுவே பாலம் கிடையாது, படகில்தான் போக வேண்டும்.

இன்னொன்று காட்டுகிறேன். இந்த உலக உருண்டையில் நியூயார்க்கில் நூலின் ஒரு முனை, டோக்கியோவில் மறு முனை. இறுக்கிப் பிடிக்கிறேன், விரலைப் பாருங்கள். நூல் பசிபிக் நடுவே போகாமல் அலாஸ்கா பக்கம் ஏறுகிறது, தெரிகிறதா? தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்தால் இது பிடிபடாது. 'நேர்தூரம்' என்று தளங்கள் போடுவது இந்த நூலின் நீளத்தைத்தான்.

அப்புறம் காற்று. 2020 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு விமானம் ஐந்து மணி நேரத்துக்குள் போய்விட்டது, பின்னாலிருந்து புயல் காற்று தள்ளியதில். எதிர்த் திசையில் அதே தூரத்துக்குச் சாதாரணமாகவே ஏழெட்டு மணி ஆகும்.

நீங்கள் கடைசியாகப் போன பயணம் வாசலிலிருந்து வாசலுக்கு எவ்வளவு நேரம் என்று கமெண்டில் போடுங்கள். டிக்கெட்டில் இருக்கிற நேரத்தைப் போட்டால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.