தீபா மன்னரும் தேக்குக் கணக்கும்

வணக்கம் நேயர்களே. பர்மாவின் கடைசி மன்னர் தீபா என்றால், அரசி சுபயாலத்துக்கு அடங்கியவர், 1879-இல் அரச குடும்பத்தார் பலர் கொல்லப்பட்டபோது அரியணையில் இருந்தவர் என்பதோடு பேச்சை முடித்துவிடுவார்கள். இரண்டும் பொய்யில்லை. ஆனால் அவருடைய தலைநகர் மாண்டலே விழுந்த காரணம் வேறு.

1852 போரில் கீழ்ப் பர்மா பிரிட்டிஷார் கைக்குப் போயிற்று. கழிமுகத்து நெல்லும் கடல் வழியும் அதோடு போயின. மன்னரிடம் மிஞ்சிய வறண்ட மேல் பர்மா தெற்கிலிருந்து வரும் அரிசியை நம்பியிருந்தது. கஜானாவை நிரப்ப லாட்டரிகூட நடத்திப் பார்த்தார்கள். கைவசம் மிஞ்சிய பெரிய சொத்து தேக்கு.

பச்சைத் தேக்கு ஆற்றில் மிதக்காது. அதனால் அடிமரத்தைச் சுற்றிலும் பட்டையோடு செதுக்கி, நின்றபடியே இரண்டு மூன்று வருஷம் காயவிடுவார்கள். பிறகு வெட்டி, யானையை வைத்து ஓடைக்கு இழுத்தால் மழை வெள்ளம் கொண்டுபோகும். மன்னர் வசமிருந்த நிங்யான் காட்டு மரங்கள் சித்தாங் ஆற்றில் மிதந்து தவுங்கு போய்ச் சேரும். அது பிரிட்டிஷ் எல்லை. சிக்கல் அங்கேதான்: எண்ணுகிற இடம் மன்னர் கையில் இல்லை. பணம் கட்டியதைவிட அதிக மரங்களை, அங்கே மரம் வெட்டிவந்த பிரிட்டிஷ் நிறுவனமான பம்பாய் பர்மா கம்பெனி கொண்டுபோய்விட்டது என்று 1885 ஆகஸ்டில் மன்னரின் மந்திரி சபை சுமார் 23 லட்சம் ரூபாய் அபராதம் கேட்டது.

அக்டோபர் 22-இல் பிரிட்டிஷாரின் இறுதி எச்சரிக்கை. நவம்பர் 10 கெடு. அபராதத்தை நிறுத்திவைப்பது அதில் ஒரு நிபந்தனை மட்டுமே. வெளியுறவை இந்திய அரசின் சொற்படி நடத்த வேண்டும் என்பதுதான் கழுத்தைப் பிடித்தது. அந்த ஜனவரியில்தான் பர்மாவுக்கு பிரான்ஸோடு ஒப்பந்தம் ஆகியிருந்தது. பிரிட்டிஷாருக்கு உண்மையான எரிச்சல் அதில்தான் என்பேன்.

நவம்பர் 14-இல் எல்லையோரம் இருந்த தாயெட்மியோவிலிருந்து பிரிட்டிஷ் படை கிளம்பியது. தளபதி பிரெண்டர்காஸ்ட் சென்னையில் பிறந்தவர். ஐராவதி ஆற்றில் வணிகம் செய்துவந்த அதே நீராவிக் கப்பல்கள் படையை ஏற்றிச் சென்றன. ஆற்றை அடைக்க மன்னர் தரப்புக்கு நேரமே கிடைக்கவில்லை. 17-இல் மின்லா கோட்டை போனது, 28-இல் மாண்டலே. மறுநாள் மன்னரும் அரசியும் மாட்டு வண்டியில் படித்துறைக்குப் போனார்கள். முதலில் சென்னை, பிறகு ரத்னகிரி. மன்னர் 1916-இல் அங்கேயே இறந்தார்.

கலைந்த வீரர்கள் பலர் துப்பாக்கியோடு கிராமங்களுக்குப் போய்விட்டார்கள். அவர்களோடு சண்டை இன்னும் பல வருஷம் நடந்தது.