ஜாதிக்காய்க்காக ஒரு தீவுக்கூட்டம்

நேயர்களுக்கு வணக்கம்.

'ஜாதிக்காய் விளையும் ஒரு குட்டித் தீவுக்காக டச்சுக்காரர்கள் மன்ஹாட்டனையே ஆங்கிலேயரிடம் விட்டுக்கொடுத்தார்கள்' என்று பலர் வேடிக்கையாகச் சொல்வார்கள். மன்ஹாட்டன் என்றால் இன்றைய நியூயார்க் நகரின் மையப்பகுதி. 1667-இல் பிரெடா ஒப்பந்தத்தில் அப்படித்தான் முடிந்தது; ரூன் தீவு டச்சுக்காரர்களுக்கு, மன்ஹாட்டன் ஆங்கிலேயருக்கு. ஆனால் மன்ஹாட்டனை ஆங்கிலேயர் 1664-லேயே பிடித்துவிட்டார்கள். ரூனும் அதற்குள் டச்சுக்காரர் கையில்தான். இருந்ததை இருந்தபடியே எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். இந்த வேடிக்கையில் தீவுக்காரர்கள் யாரும் வருவதில்லை. நான் அவர்களைப் பற்றித்தான் பேச வந்தேன்.

ரூன், பாண்டாத் தீவுகளில் ஒன்று. இந்தோனேசியாவின் கிழக்குக் கடலில் இருக்கின்றன. நாம் பிரியாணிக்குத் தனித்தனிப் பொட்டலமாக வாங்கும் ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் ஒரே பழத்துக்குள் இருப்பவை. மஞ்சள் பழம் முற்றியதும் வெடிக்கும். உள்ளே கருத்த விதையோட்டைச் சுற்றிச் சிவப்பு வலை போலப் படர்ந்திருப்பது பத்திரி. ஓட்டை உடைத்தால் காய். அன்றைக்கு உலகச் சந்தைக்கு இது இந்தத் தீவுகளிலிருந்துதான் போனது.

பாண்டாவுக்கு அரசன் கிடையாது. 'ஓராங் காயா' என்ற ஊர்ப்பெரியவர்கள் கூடிப் பேசி வியாபாரத்தை நடத்தினார்கள். தீவில் நெல் விளையாது. ஜாதிக்காயைக் கொடுத்து அரிசியும் துணியும் வாங்கினார்கள். அந்தத் துணியில் நம் சோழமண்டலக் கரைத் துணிக்கு நல்ல கிராக்கி. டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கோட்டை போட்டு உட்கார்ந்ததே அந்தத் துணிக்காகத்தான்.

முதலில், 1512-இல், போர்ச்சுக்கீசியர் வந்து போனார்கள். 1602-இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியோ 'எங்களுக்கு மட்டுமே விற்க வேண்டும், நாங்கள் சொல்லும் விலைக்கு' என்று ஒப்பந்தம் நீட்டியது. ஜாவாக்காரரும் மலாய்க்காரரும் அரிசி கொண்டுவராவிட்டால் தீவில் அடுப்பு எரியாது. அவர்களுக்கு விற்காமல் எப்படி இருப்பது? விற்றார்கள். 1609-இல் டச்சுத் தளபதி வெர்ஹூஃபன் கரையில் இறங்கியபோது தீவுக்காரர்கள் பதுங்கியிருந்து கொன்றார்கள். அந்தக் கப்பற்படையில் ஓர் இளம் வணிக அதிகாரி இருந்தார், பெயர் யான் பீட்டர்ஸோன் கூன்.

1621-இல் கூன் திரும்பி வந்தார், இந்த முறை தலைமை ஆளுநராக, பெரும் படையோடு. பெரிய தீவான லொந்தோர் விழுந்தது. பிடிபட்ட ஓராங் காயாக்களில் 44 பேரை, கூலிக்கு அமர்த்திய ஜப்பானிய வாள்வீரர்களை வைத்து வெட்டச் சொன்னார்கள். சுமார் 15,000 பேர் வாழ்ந்த இடத்தில் கடைசியில் மிஞ்சியவர்கள் ஏறக்குறைய 1,000 பேர். மற்றவர்கள் கொல்லப்பட்டார்கள், மலைமேல் பட்டினியில் செத்தார்கள், படகேறித் தப்பினார்கள், அடிமைகளாக பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, ஏற்றப்பட்டார்கள்.

இதை வெறும் கோபம் என்று சொல்லிவிட முடியாது. விற்பவன் ஒருவன்தான், விலை அவன் வைத்ததுதான் என்றாக வேண்டுமானால், சொந்தமாக விற்கத் தெரிந்த மக்கள் அங்கே இருக்கக்கூடாது. கூனின் கணக்கு அதுதான் என்று நான் நினைக்கிறேன். அப்புறம் நடந்ததைப் பாருங்கள். நிலத்தை 68 தோட்டங்களாகப் பிரித்து, பெரும்பாலும் கம்பெனியின் பழைய ஆட்களுக்குக் கொடுத்தார்கள். வேலைக்கு வெளியிலிருந்து அடிமைகள். விளைந்ததை எல்லாம் கம்பெனிக்கே, கம்பெனி விலைக்கே கொடுக்க வேண்டும். வேறு மண்ணில் யாரும் முளைக்க வைத்துவிடக் கூடாது என்று காயைச் சுண்ணாம்புப் பாலில் முக்கித்தான் அனுப்பினார்கள்.

அப்படியும் வெளியே போனது. 1770 வாக்கில் பியேர் புவாவ்ரு என்ற பிரெஞ்சுக்காரர் ஏற்பாட்டில் கன்றுகளும் விதைகளும் மொரிஷியசுக்குக் கடத்தப்பட்டன. பிறகு ஆங்கிலேயர் பாண்டாவைப் பிடித்து, பினாங்கு போன்ற இடங்களுக்குக் கன்றுகளைக் கொண்டுபோனார்கள். இன்று கரீபியன் கடலில் உள்ள கிரெனடா தன் தேசியக் கொடியிலேயே ஜாதிக்காயை வைத்திருக்கிறது. கம்பெனியோ கடனில் மூழ்கி 1799-இல் கலைந்துபோனது.

தப்பிப் படகேறியவர்களில் சிலர் கிழக்கே 'காய்' (Kei) என்ற பெயருள்ள தீவுகளில் கரையேறினார்கள். பாண்டா மொழி இன்றும் பேசப்படுவது அங்கேதான், பாண்டா எலி, பாண்டா எலாத் என்ற ஊர்களில். பாண்டாத் தீவுகளில் இப்போது மலாய்தான் பேசுகிறார்கள். வணக்கம்.