பழைய கேமுக்குப் பொய் சொல்வது எப்படி?

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய கேம் ஒன்றைத் தேடிப் பிடித்துப் புதுக் கம்ப்யூட்டரில் போட்டால் ஓட மறுக்கிறது. கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துவிடுகிறோம். பெரும்பாலும் அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது. தான் பிறந்த காலத்துக் கம்ப்யூட்டர்தான் இன்னும் சுற்றிலும் இருக்கிறது என்று அது நம்பிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அந்த நம்பிக்கை கலையாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை.

பெரிய தொல்லை வேகம். 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் ப்ராசஸர் 4.77 மெகாஹெர்ட்ஸ். அன்றைய கேம்கள் சில கடிகாரத்தையே பார்க்காது. வெறும் லூப்பை இத்தனை சுற்று சுற்றிவிட்டு எதிரியை ஓரடி நகர்த்தும். அதை இன்றைய மெஷினில் ஓட்டினால், என்டரைத் தட்டிய விரலை எடுப்பதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும். பழைய கேபினெட்டுகளில் 'டர்போ' என்று ஒரு பட்டன் இருந்ததே, அது இதற்குத்தான். பேர்தான் டர்போ, பிரேக்காகத்தான் உதவியது.

வேகத்தால் வந்த கோளாறுகளில் எனக்குப் பிடித்தது 'ரன்டைம் எரர் 200'. டர்போ பாஸ்கல் என்ற ப்ரோகிராம் எழுதும் மென்பொருளில் எழுதிய பல ப்ரோகிராம்கள், தொடங்கும்போதே மெஷினின் வேகத்தை அளந்து பார்க்கும். கடிகாரம் ஒருமுறை துடிக்கும் 55 மில்லிசெகண்டுக்குள் எத்தனை சுற்று ஓட முடிகிறது என்று எண்ணி, அதை 55ஆல் வகுக்கும். விடைக்கு ஒதுக்கிய இடத்தில் 65,535 வரைதான் கொள்ளும். ப்ராசஸர்கள் ஏறத்தாழ 200 மெகாஹெர்ட்ஸைத் தொட்டதும் விடை அதில் அடங்காமல் போனது. ப்ரோகிராம் முதல் திரைக்கு வருமுன்பே விழுந்தது. எரர் 200 என்றால் பூஜ்ஜியத்தால் வகுத்துவிட்டாய் என்று பொருள். பாவம், யாரும் பூஜ்ஜியத்தால் வகுக்கவே இல்லை!

விண்டோஸுக்கு முந்தைய டாஸ் சிஸ்டத்துக்காக எழுதிய கேம்களுக்கு நான் நாடுவது டாஸ்பாக்ஸ் என்ற ப்ரோகிராம். 2002இல் வந்தது. இது உள்ளுக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டரையே, சவுண்ட் பிளாஸ்டர் கார்டு உட்பட, பாவனையாகக் கட்டிக்கொடுக்கிறது. கன்ட்ரோலோடு எஃப்11ஐ அழுத்தினால் வேகம் குறையும், எஃப்12 என்றால் கூடும். கேம் சவுண்ட் கார்டைப் பற்றிக் கேட்டால் போர்ட் 220, ஐஆர்க்யூ 7, டிஎம்ஏ 1 என்று சொல்லுங்கள். நம்பிவிடும்.

விண்டோஸ் கேம்களில் சிக்கல் வேறு மாதிரி. இன்றைய 64 பிட் விண்டோஸ் பழைய 16 பிட் ப்ரோகிராம்களைத் தொடவே தொடாது. இதில் ஒரு வேடிக்கை, கேம் 32 பிட்டாக இருக்கும், அதன் இன்ஸ்டாலர் மட்டும் 16 பிட். வீடு சரியாகத்தான் இருக்கிறது, வாசல் கதவுதான் திறக்கவில்லை. விர்ச்சுவல் மெஷினில், அதாவது கம்ப்யூட்டருக்குள்ளேயே பாவனையாக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டரில், பழைய விண்டோஸைப் போட்டு, அங்கே இன்ஸ்டால் செய்து, ஃபோல்டரை அப்படியே இங்கே காப்பி செய்தால் சில கேம்கள் ஓடிவிடும். காப்பி எடுக்கவிடாமல் சிடியில் பூட்டு போட்டவை அதற்கும் மசியாது.

எல்லாம் ஓடிய பிறகும் ஹீரோ கொஞ்சம் குள்ளமாக, குண்டாகத் தெரிகிறாரா? அன்றைய 320க்கு 200 படம், 4க்கு 3 மானிட்டரில் உயரவாக்கில் இழுபட்டுத் தெரிந்தது. ஓவியர்களும் அதை மனதில் வைத்தே வரைந்தார்கள். டாஸ்பாக்ஸின் கான்ஃபிக் ஃபைலில் 'ஆஸ்பெக்ட்' என்ற வரியை 'ட்ரூ' என்று மாற்றிப் பாருங்கள். ஐந்தில் ஒரு பங்கு வளர்ந்து, பழைய ஆளாக வந்து நிற்பார்.

வணக்கம்.